ஜமுனாமரத்தூரில் மருமகள் பேசிய நாள்

அத்தியாயம் பதினொன்று

சந்தியாகப்பன் தன் மைக் செட்டைப் பற்றிச் சொல்வதில் பாதியை நம்பலாம். எந்தப் பாதி என்பதை அவரே இன்னும் முடிவு செய்யவில்லை.

அவர் சந்தவாசலில் நின்று "ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" என்றால் படவேட்டுப் பக்கம் மேயும் எருமை தலையைத் திருப்பிப் பார்க்குமாம். எருமையின் சொந்தக்காரர் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒரு கல்யாணத்தில் "பந்தி ஆரம்பமாயிடுச்சு, எல்லாரும் வரலாம்" என்று இவர் அறிவித்ததைக் கேட்டு, ஜவ்வாது மலை மேலிருந்து ஒரு குடும்பமே இறங்கி வந்து இலையில் உட்கார்ந்ததாம். நடந்து வந்து சேர்வதற்குள் மறுநாள் ஆகிவிட்டதால் அவர்களுக்கு ரசம் மட்டும்தான் கிடைத்தது.

ஜனவரி மாதம் செபஸ்தியார் திருவிழா முடிந்ததிலிருந்து அவர் இந்தக் கதைகளைச் சொல்வதில்லை. ஏன் என்று முதலிலிருந்து கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வாய் சொன்னால் போதும்.

அவருடைய மருமகள் மெர்சிலின், வேலூர் போகும் வழியில் உள்ள ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாள். மகன் ஜஸ்டஸ் அதே லைனுக்கு சூப்பர்வைசர். அந்தக் கம்பெனியில் முழுகாமல் இருக்கிற பெண்கள் வயிறு தெரிகிற வரை மூச்சு விட மாட்டார்கள். தெரிந்துவிட்டால், வெளியே போ என்று யாரும் சொல்வதில்லை. தானாகவே போகிற மாதிரி ஒரு வேலையைக் கொடுப்பார்கள். அதனால் கம்பெனி வேனில் ஒருத்திக்குக் குமட்டினால் கூட இருக்கிற நாலு பேரும் சேர்ந்து டீசல் நாற்றத்தைத் திட்டுவார்கள்.

மெர்சிலின் தன் விஷயத்தை ஜஸ்டஸிடம் மட்டும் சொன்னாள். ஜஸ்டஸ் தன் அம்மா மார்த்தாளிடம் மட்டும் சொன்னான். மார்த்தாள் மாதாவிடம் மட்டும் சொன்னாள். ஆனால் மார்த்தாளுக்கு மாதாவிடம் வாய்க்குள் பேசிப் பழக்கமில்லை. மாதா சொரூபம் இருக்கும் கெபிக்குப் பின்னால் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்த சந்தியாகப்பன் காதில் விழுந்தது. அந்த மனுஷனுக்குத் தாங்கவில்லை. நேரே கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளையிடம் போனார். திருவிழாப் பூசைக்கு வேண்டுதல் கருத்து கொடுத்தார்.

சாமியார் பீடத்தில் நின்று வாசித்தார். இந்தத் திருப்பலி மெர்சிலினின் கருவில் வளரும் குழந்தைக்காக. ஒப்புக்கொடுப்பவர்கள் சந்தியாகப்பன், மார்த்தாள். கோபுரத்தில் நாலு திசைக்கும் நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. அந்த வரிக்கு மட்டும் சந்தியாகப்பன் சத்தக் குமிழை இன்னும் கொஞ்சம் திருகினார்.

ரோட்டோர பிரியாணிக் கடையில் பார்சலுக்குக் காத்திருந்தவர், கம்பெனியின் எச்.ஆர். தசரதன்.

திங்கட்கிழமை மெர்சிலினை மிஷினிலிருந்து எழுப்பி பேஸ்டிங்குக்கு மாற்றினார்கள். அங்கே நாள் முழுக்க நின்றபடி, சொல்யூஷன் நெடியில் அடிப்பாகம் ஒட்ட வேண்டும். முடிவு செய்தது தசரதன். வந்து சொன்னது லைன் சூப்பர்வைசர். ரெண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் திரும்ப மிஷினுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று ஜஸ்டஸ் நினைத்தான். மெர்சிலினும் அப்படித்தான் நின்றாள்.

தவக்காலத்தில் குழந்தை போய்விட்டது. அவள் வேலையும் போயிற்று.

இப்போது வைகாசி. வேலை செய்கிற இடத்தில் சாதி பார்த்து, மதம் பார்த்து, ஊர் பார்த்து, வயிறு பார்த்து ஆளை ஒதுக்கக் கூடாது என்று ஒரு மசோதா வரப்போகிறது. சட்டமாவதற்கு முன்னால் மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க ஒரு குழு ஊர் ஊராக வருகிறது. கீழே வெயில் கொளுத்துகிற இந்த மாதத்தில் குழுவுக்கு மலை மேல் இருக்கும் மக்களின் கருத்தில் தனி அக்கறை பிறந்தது. கூட்டம் ஜமுனாமரத்தூரில். பெண் தொழிலாளர் சங்கத்துக் கீதாஞ்சலி, மெர்சிலின் பெயரைப் பேசுகிறவர்களில் சேர்த்துவிட்டாள். மலை மேல் இருந்த மைக் செட்டுக்காரர் அன்றைக்கு முகூர்த்தத்தில் மாட்டிக்கொள்ள, அந்த வேலையும் சந்தியாகப்பனிடமே வந்து சேர்ந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தசரதன் இவர்கள் வீட்டுக்கே வந்து ஆப்பிள் பையை வைத்துவிட்டு, ஜஸ்டஸை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போனார். அந்த ஆப்பிளை யாரும் தொடவில்லை. மார்த்தாள் மட்டும் அழுகிவிடுமே என்று ஒன்றை எடுத்தாள். பிறகு திரும்ப வைத்துவிட்டாள்.

*

காலையில் குட்டியானை வண்டியில் சாமான் ஏறியது. ஆம்ப்ளிஃபயர், பாக்ஸ் ரெண்டு, குழாய் ஒன்று, ஒயர் சுருள், பேட்டரி. ஜஸ்டஸ் விடிந்ததுமே கம்பெனி டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய்விட்டான். கம்பெனி தன் பக்கத்து ஆட்களைத் தனி வேனில் அழைத்துப் போகிறது.

மார்த்தாள் எலுமிச்சை சாதம் கட்டிய பையை மருமகள் கையில் கொடுத்தாள். பையை விடவில்லை.

"போவாதேன்னு சொல்லல மெர்சி. போ. போய்க் குந்து. பேசணும்னு இன்னா கட்டாயம்?"

"பேர் குடுத்துட்டேன் அத்தை."

"ஆஸ்பத்திரில கூடத்தான் பேர் குடுத்துட்டு, கூட்டமா கீதுன்னு எழுந்து வந்துடறோம்."

மெர்சிலின் சிரிக்கவில்லை. மார்த்தாள் குரலை இறக்கினாள்.

"அவன் ஒர்த்தன் வேலைலதான் இப்போ இந்த வூடு நிக்குது கண்ணு. பர்மனென்ட் ஆக்கறேன்னு வேற சொல்லிக்கிறாங்க. அவன் பேரு மட்டும் அங்க வாணாம்."

"நான் யார் பேரையும் சொல்றதா இல்ல அத்தை. நடந்ததைத்தான் சொல்லப்போறேன்."

"அதான். நடந்ததைச் சொல்லு. யாரு நடத்துனாங்கன்னு எதுக்கு?"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சந்தியாகப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். யார் பெயரும் வராது என்று தெரிந்ததும் அவருக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. இளகியதற்காகத் தன் மேலேயே ஓர் எரிச்சலும் வந்தது. ஹாரனை அடித்தார். எதிரே ஆள் யாரும் இல்லை.

*

போளூரிலிருந்து மலையேறும் பாதை சும்மா வளைவதில்லை. கொண்டை ஊசியில் திரும்பும்போது மேலே பின்பக்கம் தெரிகிற வண்டிக்கு ஹாரன் அடித்து, அது வழிவிடவில்லை என்று திட்டி, கடைசியில் அது தன் வண்டியின் பின்பக்கம்தான் என்று கண்டுகொண்ட டிரைவர்கள் உண்டு. வழக்கமாக அந்த வளைவுக்கு வந்ததும் சந்தியாகப்பன் இதைச் சொல்வார். இன்றைக்கு வளைவு வந்தது, போயிற்று.

பாதி மலையில் ஒரு டீக்கடை. கம்பெனி வேன் ஓரம் கட்டி நின்றது. தசரதன் கேமராவை வைத்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஜஸ்டஸ் ரோட்டுக்கு நடுவில் வந்து கையைக் காட்டினான். சந்தியாகப்பன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். மெர்சிலின் இறங்கவில்லை. புருஷன் பக்கம் பார்க்கவும் இல்லை.

அப்பாவும் மகனும் வேனுக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

"நைனா, ஒண்ணு கேக்கறேன். கோச்சுக்காத."

"கேளு."

"அவ பேசும்போது சவுண்டைக் கொஞ்சம் கம்மி பண்ணிடு."

சந்தியாகப்பன் மகனின் முகத்தைப் பார்த்தார். அது ஒரு வாரமாகத் தூங்காத முகம்.

"கம்பெனிக்காரன் சொல்லச் சொன்னானா?"

"இல்ல. நானேதான் கேக்கறேன்." ஜஸ்டஸ் டீ-ஷர்ட்டின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டான். "என்னை எதுக்கு இஸ்துகினு வந்துகிறாங்கன்னு நெனைக்கிற? அவ இன்னா சொன்னாலும், 'அந்தப் பொண்ணே கேட்டுத்தான் பேஸ்டிங்குக்குப் போச்சு'ன்னு நான் எழுந்து சொல்லணும். அவ பேசறது யாருக்கும் சரியா கேக்கலன்னு வெச்சுக்கோ, அதோட போய்டும். என்னை எழுப்ப மாட்டாங்க. நான் அவளுக்கு எதிரா வாயைத் தொறக்கத் தேவையே இருக்காது."

"தொறக்க மாட்டேன்னு சொல்லிட்டா?"

"சொல்லிட்டு? நாளைக்கி எங்க போவேன்? இந்தப் பக்கம் வேற எந்தக் கம்பெனியில என்னைச் சேத்துப்பான்?"

சந்தியாகப்பன் பள்ளத்தாக்கைப் பார்த்தார். எவ்வளவு பெரிய பள்ளம், இதில் ஒரு குழாய் கட்டினால் எதிரொலி எப்படி வரும் என்று வேறொரு நாளாக இருந்தால் கணக்குப் போட்டிருப்பார்.

"மைக் செட்டுன்னா கெடும்டா. கெடாத மைக் செட்டு எங்க கீது?" என்றார்.

ஜஸ்டஸ் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான். அவர் சம்மதமாகச் சொன்னாரா என்பது அவருக்கே தெரியாது.

வண்டி மறுபடி ஏறத் தொடங்கியதும் மெர்சிலின் கேட்டாள்.

"அவர் இன்னா கேட்டாரு மாமா?"

"டீ குடிக்கிறியான்னு கேட்டான்."

"நீங்க குடிக்கலையே."

"அந்தாளு சர்க்கரையை அள்ளிப் போடுவான்."

"உங்களுக்குப் பொய் நல்லா வரும் மாமா. இன்னிக்கி வரல."

அவர் கியரை மாற்றினார். மாற்ற வேண்டிய இடமில்லை அது. வண்டி முனகியது.

"இந்தச் சட்டம் வந்தாலும் பழசுக்குச் செல்லாதாம்" என்றாள் மெர்சிலின். "கீதாஞ்சலி அக்கா மொதல்லயே சொல்லிட்டாங்க. இனிமே நடக்கறதுக்குத்தானாம்."

"அப்பறம் எதுக்குமா இவ்ளோ தூரம்?"

ரோட்டோரத்தில் பலாப்பழத்தைக் குவித்து வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். அதைத் தாண்டிய பிறகு சொன்னாள்.

"வரப்போவுதுன்னு தெரிஞ்சதும் பூசை வெச்சீங்க. நாலு குழாய் கட்டினீங்க. போனதுக்கு அப்புறம் யாரும் ஒண்ணும் வெக்கல. வூட்ல அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அத்தை ஈரல் வறுத்துப் போட்டாங்க. நீங்க என் ரூமு ஃபேனை ரிப்பேர் பண்ணிக் குடுத்தீங்க. அவரு ஓவர்டைம் பாத்தாரு. எல்லாரும் நல்லவங்கதான் மாமா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா அது இருந்துச்சுன்னு யாராவது ஒருத்தர் எங்கனா எழுதிக்கட்டும். அவ்ளோதான்."

சந்தியாகப்பனுக்குப் பேச்சு வரவில்லை. கல்யாணம், கருமாதி, அரசியல் கூட்டம், காணாமல் போன ஆட்டுக்குட்டி என்று ஊர்ப்பட்ட விஷயத்துக்கும் மைக்கைப் பிடித்த வாய் அது. மேலே குளிர்காற்று அடிக்க ஆரம்பித்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காற்றைக் குறை சொன்னார்.

*

அன்றைக்கு ஜமுனாமரத்தூரில் சந்தை. கூட்டம் நடந்த மண்டபத்துக்கு எதிரிலேயே சாமையும் புளியும் தேனும் விற்றுக்கொண்டிருந்தார்கள். மண்டபத்துக்குள் பேசுவது வெளியே இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லியிருந்ததால் சந்தியாகப்பன் குழாயைச் சந்தைப் பக்கமாகக் கட்டினார். உள்ளே ரெண்டு பாக்ஸ். மேடைக்குக் கீழே ஸ்டாண்டில் மைக். அதற்குப் பக்கவாட்டில் ஒரு ஸ்டூலில் ஆம்ப்ளிஃபயரோடு அவர்.

குழுவின் தலைவி கண்ணாடி போட்ட, குரல் உடைந்த ஓர் அம்மாள். மசோதாவில் என்ன இருக்கிறது என்று சுருக்கமாகச் சொன்னார். இன்ன சாதி, இன்ன மதம், இன்ன ஊர், உடம்பில் இன்ன குறை, கர்ப்பம் என்று எதைக் காட்டியும் வேலை தர மறுக்கவோ, மாற்றவோ, நிறுத்தவோ கூடாது. அதற்காக மாற்றவில்லை என்று சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியது முதலாளிதான்.

"இது இன்னும் வெறும் மசோதா. நீங்க சொல்றதை வெச்சுத்தான் இது பலமாகவும் ஆகும், பல்லு போனதாகவும் ஆகும்" என்றார்.

முதலில் பேசியது கன்னியம்மாள் என்ற மலைப் பெண். அவளும் ஷூ கம்பெனிக்குத்தான் போகிறாள், வேறொரு கம்பெனி.

"எனக்குப் பேரு கீதுங்க. அங்க மலைக்காரின்னுதான் கூப்புடறாங்க. வேன்ல எங்களுக்குக் கடைசி சீட்டு. முன்னாடி காலியா இருந்தாலும் கடைசிதான். மலையிலேந்து எறங்கறதுக்குள்ள கொடலு வாய்க்கு வந்துடுதுங்க."

"சட்டத்துல உங்களுக்கு என்னம்மா வேணும்?"

கன்னியம்மாள் யோசித்தாள். "முன் சீட்டுங்க."

மண்டபம் சிரித்தது. தலைவி அம்மாள் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். சந்தியாகப்பனுக்கு அந்த அம்மாளை அப்போதுதான் பிடித்துப்போயிற்று. அதுவே அவருக்குச் சங்கடமாகவும் இருந்தது.

அடுத்தது மெர்சிலின்.

அவள் மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். கடைசி வரிசையில் தசரதனுக்குப் பக்கத்தில் ஜஸ்டஸ் இருந்தான். தலையைக் குனிந்திருந்தான். சந்தியாகப்பனின் விரல்கள் குமிழின் மேல் இருந்தன. இடதுபக்கம் கால்வாசி திருகினால் போதும், ஒயரை ஆட்டிக்கொண்டே, 'லூஸ் கான்டாக்ட்டுங்க' என்று சொல்லிவிடலாம். முப்பது வருஷத் தொழிலில் அந்த ஒரு வார்த்தை அவரை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது.

"என் பேரு மெர்சிலின்" என்று அவள் ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

மின்விசிறிகள் மெதுவாக நின்றன. பாக்ஸ் செத்தது. சந்தை இரைச்சல் ஜன்னல் வழியாக அப்படியே உள்ளே கொட்டியது. மெர்சிலின் உதடு அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்பது முதல் வரிசைக்கே கேட்கவில்லை.

சந்தியாகப்பன் குமிழிலிருந்து கையை எடுத்தார். கடவுளே தன் மேலிருந்த பாரத்தை இறக்கி வைத்துவிட்டார் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. அவர் எதையும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசி வரிசையில் ஜஸ்டஸ் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் அந்த ஒரு கணம் வந்த நிம்மதியை அவர் பார்த்தார். சின்ன வயசில் காய்ச்சல் விட்ட காலையில் அவனுக்கு இருந்த முகம் அது.

மெர்சிலின் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவர் பக்கம் திரும்பவும் இல்லை. அவரிடம் எதையும் எதிர்பார்க்காதவள் மாதிரி, செத்த மைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சந்தியாகப்பன் எழுந்தார்.

வாசலில் தசரதன் வந்து சேர்ந்துகொண்டார். "எங்க பெரியவரே? விடுங்க. சின்ன மண்டபம்தானே, சும்மாவே கேக்கும்."

"கேக்காதுங்க."

"கேட்டா உங்க பையனுக்கு நல்லதான்னு பாத்துக்குங்க."

"வழியை வுடுங்க சார். வெயிட்டு தூக்கணும்."

குட்டியானையிலிருந்து பேட்டரியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று வழக்கமாக ஜஸ்டஸ்தான் தூக்குவான். ஜஸ்டஸ் எழுந்திருக்கவில்லை. கிளிப்பை மாட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பாக்ஸ் ஒரு முறை கூவி அடங்கியது.

"இப்ப பேசுமா" என்றார். அது மைக்கிலும் விழுந்து வெளியே சந்தை வரைக்கும் போயிற்று.

அவள் பேசினாள். அழவில்லை. மிஷினில் உட்கார்ந்திருந்தது, எழுப்பியது, சொல்யூஷன் நெடி, உட்கார ஸ்டூல் கேட்டது, உட்கார்ந்தால் உற்பத்தி குறையும் என்று மறுத்தது, வேனிலேயே தொடங்கிய வலி, கூட வந்த பெண்கள் டிரைவரைத் திட்டித் திட்டி ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னது. "பையன்னு சொன்னாங்க. எங்கிட்ட காட்டல" என்றாள். வெளியே புளி நிறுத்துக்கொண்டிருந்த தராசு அப்படியே நின்றது. யார் பெயரையும் அவள் சொல்லவில்லை. 'மாத்தினாங்க', 'சொன்னாங்க' என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். சந்தியாகப்பன் ஒவ்வொரு 'னாங்க'வுக்கும் மூச்சை விட்டார்.

முடித்துவிட்டுத் திரும்பினாள். தசரதன் எழுந்தார்.

"மேடம், ஒரு விளக்கம். நடந்தது வருத்தம்தான். ஆனா அந்தம்மாவை யாரும் மாத்தல. தையல்ல முதுகு வலிக்குது, பேஸ்டிங்குக்குப் போறேன்னு அவங்களேதான் சூப்பர்வைசர்கிட்ட கேட்டுகிட்டாங்க. நிரூபிக்கணும்னா அந்த சூப்பர்வைசரையே கூட்டியாந்திருக்கோம்."

தலைவி அம்மாள் மெர்சிலினைப் பார்த்தார். "அப்படியாம்மா? நீங்களா கேட்டீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப யார் வந்து மாத்தினது? பேர் சொல்லுங்க. 'மாத்தினாங்க'ன்னா நாளைக்கி அதுக்கு ஆளே இருக்காது."

மெர்சிலின் பேசவில்லை.

முன் வரிசைப் பெண்களில் ஒருத்தி, "சொல்லுமா, பயப்படாத" என்றாள். பயம் இல்லை அது. சந்தியாகப்பனுக்கு மட்டும் தெரியும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மெர்சிலின் தன் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. 'இந்தாங்க', 'அவரு', ரொம்பக் கோபமென்றால் 'உங்க மவன்'. ரேஷன் கடையில் கேட்டால்கூட மாமனாரைத்தான் திரும்பிப் பார்ப்பாள். அவர்தான் சொல்வார். இப்போதும் அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வாய் வரைக்கும் வந்த பெயரை விழுங்கினார். இதை அவளேதான் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குமிழையும் தொடவில்லை.

அவள் மைக் பக்கம் திரும்பினாள்.

"ஜஸ்டஸ்" என்றாள்.

உள்ளே ரெண்டு பாக்ஸிலும், வெளியே குழாயிலும் அந்தப் பெயர் போயிற்று. ஞானஸ்நானத்தன்று சாமியார் சொல்லி முதன்முதலாகச் சந்தியாகப்பன் காதில் விழுந்த பெயர். அதற்கப்புறம் எத்தனையோ பேர் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். இவ்வளவு மெதுவாக யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை.

"இனிஷியல்?" என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

"எஸ்ஸுங்க. சந்தியாகப்பன் மவன்." அவளே சேர்த்துச் சொன்னாள். "என் வூட்டுக்காரரு."

தலைவி அம்மாள் பேனாவை மேசையில் வைத்தார்.

தசரதன் உட்கார்ந்தபடியே முழங்கையால் பக்கத்தில் இடித்தார். "எழுந்திரு. போய்ச் சொல்லிட்டு வா."

ஜஸ்டஸ் எழுந்தான். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தான். அவன் வருவதைப் பார்த்தும் மெர்சிலின் தன் இடத்துக்குப் போகவில்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி, மைக்கிலிருந்து ஒரு கை தூரத்தில் அப்படியே நின்றாள். அவனும் நின்றான். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தவக்காலத்துக்குப் பிறகு அவர்கள் இவ்வளவு பக்கத்தில் நின்று சந்தியாகப்பன் பார்த்ததில்லை.

மைக் மெர்சிலின் உயரத்துக்கு இருந்தது. அவன் குனிய வேண்டியிருந்தது.

சந்தியாகப்பன் பிடித்துக்கொண்ட இடுப்போடு எழுந்து வந்தார். ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தினார். மகனின் வாய்க்கு நேராக ஏற்றி இறுக்கினார். அவன் எதைச் சொல்லப்போகிறான் என்று அவருக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுமோ என்று பார்க்கவில்லை.

திரும்பிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஜஸ்டஸ் வாயைத் திறந்தான். முதலில் அவனுடைய மூச்சுதான் கேட்டது. குழாய் வழியாக அது சந்தைக்குப் போயிற்று. சாமை அளந்துகொண்டிருந்தவர்கள் படியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து மண்டபத்தின் பக்கம் பார்த்தார்கள்.